பட்டியலில் பெயர் வந்த பிறகு

பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் பெரும்பாலும் வருஷத்துக்கு இரண்டு முறை, வரவிருக்கும் நூல்களின் பட்டியலை வெளியிடும். வசந்தகாலத்துக்கு ஒன்று, இலையுதிர்காலத்துக்கு ஒன்று. தலைப்பு, ஆசிரியர் பெயர், இரண்டு மூன்று பத்தி அறிமுகம், அட்டைப்படம், எந்த மாதம் வரும், எத்தனை பக்கம், என்ன விலை, ஐஎஸ்பிஎன் எண். ஒவ்வொரு நூலுக்கும் அவ்வளவுதான் இடம். இந்தப் பட்டியல்களை நான் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிப்பேன். வாசித்துவிட்டுப் பிடித்தவற்றைக் குறித்து வைப்பேன்.

இன்னும் அச்சாகாத புத்தகத்துக்கு 352 பக்கம் என்று எப்படிச் சொல்கிறார்கள் என்று என் அக்கா மகள் ஒருமுறை கேட்டாள். அது மதிப்பீடுதான். பிரதியில் எத்தனை சொற்கள், எத்தனை அடிக்குறிப்புகள், எத்தனை படங்கள், அட்டவணைகள் என்று எண்ணி, இந்த எழுத்தளவில், இந்தப் பக்க அளவில் வைத்தால் இவ்வளவு வரும் என்று கணக்குப் போடுவோம். எங்கள் தொழிலில் அதற்கு காஸ்ட்-ஆஃப் என்று பெயர். பெரிய தாளில் 16 அல்லது 32 பக்கங்களாக அச்சடித்து மடிப்பதால் அந்த எண் வழக்கமாக 16-ன் மடங்காக அமையும். 352 என்பது இருபத்திரண்டு பதினாறு.

'எங்கள் தொழில்' என்று சொன்னேன். நான் புதுச்சேரியில் ஒரு டைப்செட்டிங் கம்பெனியில், அதாவது நூல்களை அச்சுக்கேற்ற பக்கங்களாக அமைத்துத் தரும் கம்பெனியில், புராஜெக்ட் மேனேஜராக இருக்கிறேன். வீடு கடலூரில். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருக்கிற பல்கலைக்கழகப் பதிப்பகங்களின் நூல்களில் பெரும் பங்கு சென்னையிலும் புதுச்சேரியிலும்தான் பக்கமாகிறது. சந்தேகமிருந்தால் கையில் கிடைக்கும் ஆக்ஸ்போர்டு அல்லது கேம்பிரிட்ஜ் நூலின் பதிப்புரிமைப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அடியில் பொடி எழுத்தில் நம் ஊர் பெயர் ஒன்று இருக்க நிறைய வாய்ப்புண்டு. ஆகவே உலகத்துக்கு 'வரவிருக்கும்' நூலாக இருப்பது எங்களுக்கு இன்று மாலை டெஸ்பாட்ச் ஆக வேண்டிய நூல். நூலாசிரியரின் சொந்த ஊரில் அவருடைய மாணவர்கள்கூடப் பார்க்காத பக்கங்களை நெல்லித்தோப்பில் டீ குடித்துவிட்டு வந்து உட்காரும் பிள்ளைகள் வரி வரியாகப் பார்க்கிறார்கள்.

இத்தனை வருஷம் இந்த மேசையில் உட்கார்ந்த பிறகு சொல்லத் தோன்றுவது ஒன்றுதான். ஒரு ஆய்வு நூல் பட்டியலில் ஏறியதற்கும் கடைக்கு வருவதற்கும் நடுவில் உள்ள மாதங்கள் வெறும் காத்திருப்பு இல்லை. அந்த நூலை நாளைக்கு ஒருவர் நம்பி மேற்கோள் காட்டலாமா என்பது தீர்மானமாவதே அந்த மாதங்களில்தான். அந்தக் காலத்தைத்தான் இப்போது எல்லோரும் சுருக்கப் பார்க்கிறார்கள். சுருக்கக்கூடாது என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

பட்டியலில் பெயர் ஏறுவதற்கே ஒரு நூல் நிறைய தூரம் நடந்திருக்க வேண்டும். ஆய்வாளர் முதலில் ஒரு முன்மொழிவும் ஒன்றிரண்டு அத்தியாயங்களும் அனுப்புவார். பதிப்பாசிரியருக்குப் பிடித்தால் அந்தத் துறை அறிந்த வெளியாட்கள், பெரும்பாலும் இருவர், படித்து அறிக்கை தருவார்கள். யார் அறிக்கை தந்தது என்று நூலாசிரியருக்கு வழக்கமாகச் சொல்வதில்லை. அதற்குப் பதில் எழுதி, திருத்தி, முழுப் பிரதியை மறுபடி அனுப்பி, அதுவும் மறுபடி வாசிக்கப்பட வேண்டும். அதற்கு மேலும் ஒரு படி உண்டு. பதிப்பக ஊழியர்கள் தாங்களாகவே ஒரு நூலை ஏற்றுவிட முடியாது. கேம்பிரிட்ஜில் சிண்டிக்ஸ் என்றும் ஆக்ஸ்போர்டில் டெலிகேட்ஸ் என்றும் பேராசிரியர்கள் அடங்கிய குழு இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் இதே மாதிரி ஆசிரியர் குழு உண்டு. அந்தக் குழு சரி என்றால்தான் பல்கலைக்கழகத்தின் பெயர் அட்டையில் ஏறும். கேம்பிரிட்ஜுக்கு 1534-ல் எட்டாம் ஹென்றி அச்சு உரிமை கொடுத்தார். முதல் நூல் அச்சானது 1584-ல். உரிமை கிடைத்தும் ஐம்பது வருஷம் ஆகியிருக்கிறது! அந்தப் பதிப்பகம் இன்றும் நடக்கிறது.

இதெல்லாம் முடிந்து, பட்டியலுக்கு அறிமுகப் பத்தி எழுதி, விலை வைத்து, மாதம் குறித்த பிறகுதான் பிரதி எங்களிடம் வரும்.

வந்ததும் காப்பி எடிட்டிங். ஆய்வு நூலின் காப்பி எடிட்டிங் என்றால் பிழை திருத்துவது மட்டும் என்று வெளியே நினைக்கிறார்கள். முதல் வேலை ஸ்டைல் ஷீட் தயாரிப்பது. இந்த நூலில் இந்தப் பெயர் இப்படித்தான், தேதி இப்படித்தான், மேற்கோள் குறி இப்படித்தான் என்று நூலுக்கென்றே ஒரு சட்டம். அதற்கு அடித்தளமாகப் பதிப்பகத்தின் கையேடு இருக்கும். ஆக்ஸ்போர்டு அச்சகத்தில் ஹோரஸ் ஹார்ட் என்பவர் 1893-ல் தன் அச்சுக்கோப்பாளர்களுக்காகத் தொகுத்த விதிகள் ஒரு மரபு. சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் 1906-ல் வெளியிட்ட கையேடு இன்னொரு மரபு. அதன் பதினெட்டாம் பதிப்பு 2024-ல் வந்தது. இரண்டுமே தொழிலாளிக்காக எழுதப்பட்டவை என்பதில் எனக்குத் தனி மரியாதை. பேராசிரியர்களும் இன்று அவற்றைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள்.

பிறகு க்வெரி. நூலாசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்விகள். அத்தியாயம் இரண்டில் 1687 என்கிறீர்கள், அடிக்குறிப்பில் 1678 இருக்கிறது, எது சரி? இந்த நூல் துணைநூற்பட்டியலில் இல்லையே? இந்த மேற்கோளில் முற்றுப்புள்ளி மூலத்தில் இருக்கிறதா? நல்ல காப்பி எடிட்டர் ஒரு நூலுக்கு நூற்றுக்கணக்கில் கேட்பார். எரிச்சல்படும் ஆசிரியர்கள் உண்டு. ஆனால் நான் பார்த்தவரை பெரிய அறிஞர்கள்தான் இந்தக் கேள்விகளுக்கு அதிக நன்றி சொல்கிறார்கள்.

ஒரு நூலைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆசை. பெயர் வேண்டாம். பதினேழாம் நூற்றாண்டுச் சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் நடத்திய துணி வியாபாரம் பற்றியது. ஆசிரியர் பல வருஷம் ஹேக் நகர ஆவணக்காப்பகத்தில் உட்கார்ந்து எழுதியது. பழவேற்காட்டில் டச்சுக்காரர் கட்டிய கெல்ட்ரியா கோட்டை, 1658-ல் போர்ச்சுகீசியரிடமிருந்து அவர்கள் பிடித்த நாகப்பட்டினம், சதுரங்கப்பட்டினத்துக் கிடங்குகள் என்று நம் கடற்கரை முழுக்க அதில் வருகிறது. எந்த ஊரில் எந்தத் துணி, எந்த மாதத்தில் கப்பல், வியாபாரிக்கு எவ்வளவு முன்பணம் என்று அவ்வளவு தகவல். பட்டியலில் அடுத்த வசந்தம் என்று போட்டிருந்தார்கள்.

பிரச்சினை ஊர்ப் பெயர்களில் வந்தது. பழைய ஆவணங்களில் நம் ஊர்கள் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிக் கிடக்கும். சதுரங்கப்பட்டினம் சத்ராஸ்பட்டம் ஆகும், தேவனாம்பட்டினம் தெக்னப்பட்டம் ஆகும், பரங்கிப்பேட்டை போர்ட்டோ நோவோ ஆகும். இவற்றையெல்லாம் ஆசிரியர் சரியாகவே அடையாளம் காட்டியிருந்தார். கானிமேர் என்ற ஊர் மட்டும் ஆங்கிலேயக் கிடங்கு பற்றிய அத்தியாயத்தில் ஒரு ஊராகவும், பிற்பாடு நெசவாளர் குடியிருப்புகள் பற்றிய அத்தியாயத்தில் கூனிமேடு என்ற வேறொரு ஊராகவும் வந்திருந்தது. இரண்டு அத்தியாயங்களுக்கும் ஆதாரம் வேறு வேறு, எழுதிய வருஷமும் வேறு. வரைபடத்தில்கூட இரண்டு புள்ளிகள், நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு.

எங்கள் டீமில் மரக்காணம் பக்கத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். இண்டெக்ஸ் வரிகளைப் பக்க எண்ணோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தவன் என் மேசைக்கு வந்து, "அக்கா, இந்த ரெண்டும் ஒரே ஊருக்கா. கூனிமேடு எங்க ஊர்லேர்ந்து பாண்டிச்சேரி வர்ற வழியிலதான் இருக்கு. தெனமும் பஸ்ல தாண்டித்தான் வர்றேன்" என்றான். "நிச்சயமாத் தெரியுமா தம்பி?" என்றேன். "வெள்ளக்காரன் கானிமேர்னு எழுதுனது கூனிமேட்டப் பத்தித்தான்னு எங்க வரலாறு சார் கிளாஸ்ல சொல்லியிருக்காருக்கா" என்றான்.

அவன் சொன்னது சரி. ஆனால் அவன் சொன்னான் என்று நாங்களாக மாற்றிவிட முடியாது. நூலின் உள்ளடக்கத்தில் கை வைக்க எங்களுக்கு உரிமை இல்லை. கேட்க மட்டுமே உரிமை. க்வெரி எழுதினோம். இரண்டு பெயர்களும் வரும் பக்கங்கள், பழைய அரசு ஆவணங்களில் அந்த ஊர் எப்படிக் குறிப்பிடப்படுகிறது, இன்றைய கூனிமேடு எங்கே இருக்கிறது எல்லாவற்றையும் சேர்த்து மரியாதையாகக் கேட்டோம். ஆசிரியரிடமிருந்து இரண்டு வாரம் பதில் இல்லை. ஷெட்யூலில் சிவப்பு எரிந்தது. பிறகு நீண்ட மடல் வந்தது. அவர் மறுபடி ஆவணத்துக்குப் போயிருக்கிறார். ஒரே ஊர் என்று ஒத்துக்கொண்டதோடு நிற்கவில்லை. இரண்டும் ஒன்றானதால் ஒரு வாதமே மாறுகிறது என்றார். கிடங்கு மூடியதும் நெசவாளர்கள் வேறு ஊருக்குப் போனார்கள் என்று எழுதியிருந்தவர், அவர்கள் அங்கேயே இருந்து வேறு வியாபாரிகளுக்கு நெய்தார்கள் என்று நான்கு பக்கங்களைத் திருத்தி எழுதினார். பக்கம் ஓடியது. அதற்குப் பின்னால் இருந்த அத்தனை பக்க எண்களும் மாறின. இண்டெக்ஸ் மறுபடி. வசந்தம் என்று அறிவித்த நூல் கோடையின் முடிவில்தான் வந்தது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தாமதம். அந்தப் பதிப்பகம் எங்களிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, தேதியை மாற்றிக்கொடுத்தது. நெசவாளர்கள் ஊரைவிட்டுப் போனார்கள் என்று அச்சாகியிருந்தால் அடுத்த முப்பது வருஷம் அதைத்தான் எல்லோரும் எடுத்து எழுதியிருப்பார்கள். கூனிமேட்டுப் பிள்ளைகளும் அதைத்தான் படித்திருப்பார்கள்.

தமிழ் சம்பந்தப்பட்ட நூல்களில் எங்களுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. ரோமன் எழுத்தில் தமிழை எழுதும்போது ழகரத்துக்கு எல் எழுத்தின் அடியில் கோடு, ளகரத்துக்கு எல் எழுத்தின் அடியில் புள்ளி. றகரத்துக்கும் னகரத்துக்கும் அடியில் கோடு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியான தமிழ் லெக்சிகன் கொண்டுவந்த முறை இது, உலகம் முழுக்க ஆய்வாளர்கள் இதைத்தான் பின்பற்றுகிறார்கள். பல ஃபான்ட்களில் அடிக்கோடு போட்ட எழுத்து இருக்காது. மென்பொருள் சத்தமில்லாமல் புள்ளியைப் போட்டுவிடும், அல்லது எழுத்தையே தூக்கிவிடும். எந்திரம் அதைப் பிழை என்று காட்டாது. புள்ளியும் கோடும் மாறினால் வழி வளி ஆகிறது, தாழ் தாள் ஆகிறது. லண்டனில் உட்கார்ந்து புரூஃப் (அச்சுக்கு முன் சரிபார்க்கும் பக்கங்கள்) பார்ப்பவர் கண்ணுக்கு அது ஒரு தூசு. நமக்கு அப்படி இல்லை. இந்த நூல்கள் நம் ஊரில் பக்கமாவதால் கிடைக்கும் பெரிய நன்மை இது என்று நினைக்கிறேன். இதை யாரும் எங்கேயும் எழுதி நான் பார்த்ததில்லை.

லெக்சிகனைச் சொன்னதால் அதன் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1913-ல் மதுரை மிஷனைச் சேர்ந்த சாண்ட்லர் பொறுப்பில் வேலை தொடங்கியது. முதல் பகுதி அச்சாகி வர 1924 ஆயிற்று. 1926-ல் வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியரானார். பகுதி பகுதியாக வந்து, ஆறு தொகுதிகளாக 1936-ல் முடிந்தது, 1939-ல் அனுபந்தம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். அந்தக் காலத்தில் ஒரு பகுதியை வாங்கியவர் அடுத்த பகுதிக்கு எத்தனை மாதம் காத்திருந்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். அந்தக் காத்திருப்பின் பலனை இன்று இணையத்தில் ஒரு சொல்லைத் தட்டி நாம் ஒரு நொடியில் எடுத்துக்கொள்கிறோம்.

தாமதத்தில் இன்னும் பெரிய கதைகள் உண்டு. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்கு 1879-ல் ஒப்பந்தம் போட்டபோது பத்து வருஷத்தில் முடியும் என்றார்கள். ஐந்து வருஷம் கழித்து, 1884-ல் முதல் பகுதி வந்தது. ஏ எழுத்தில் தொடங்கி எறும்பைக் குறிக்கும் சொல் வரை, 352 பக்கம். மேலே நான் சொன்ன அதே இருபத்திரண்டு பதினாறு. பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மரே 1915-ல் இறந்தார். அகராதி நிறைவுற்றது 1928-ல்.

கேம்பிரிட்ஜில் ஜோசப் நீடாம் சீனாவின் அறிவியல் வரலாற்றை எழுத 1948-ல் முன்மொழிவு கொடுத்தபோது அது ஒரே ஒரு தொகுதி. சீக்கிரமே ஏழு தொகுதி என்றார்கள். முதல் தொகுதி 1954-ல் வந்தது. ஏழு என்று சொன்னவற்றில் சில தொகுதிகள் பல புத்தகங்களாகப் பிரிந்தன, ஒரு பிரிவை எழுத உட்கார்ந்தவர் அதற்கே தனிப் புத்தகம் தேவை என்று கண்டார். நீடாம் 1995-ல் இறந்தார். வேலை நிற்கவில்லை, இரும்பு உருக்குதல் பற்றிய புத்தகம் 2008-ல் வந்தது. பிரின்ஸ்டன் பதிப்பகத்தில் அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெபர்சனின் எழுத்துகள் 1950-ல் தொடங்கின; இன்றும் தொகுதி வந்துகொண்டிருக்கிறது. தொடங்கியவர்கள் எவரும் இன்று இல்லை. ஒவ்வொரு முறை 'வரவிருக்கும்' பட்டியலில் அடுத்த தொகுதியைப் பார்க்கும்போதும் அந்தப் பதிப்பகத்தின் மேல் எனக்கு மதிப்பு கூடுகிறது. முடிவதற்குள் தாங்கள் இருக்கமாட்டோம் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள்.

நமக்கு நெருக்கமான உதாரணம் மொழியியல் அறிஞர்கள் பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி. 1961-ல் ஆக்ஸ்போர்டில் வெளிவந்தது. வெளிவந்ததோடு விட்டுவிடவில்லை, 1968-ல் ஒரு பின்னிணைப்பு, 1984-ல் திருத்திய இரண்டாம் பதிப்பு. தோடா, கோத்தா, குவி, பர்ஜி என்று எழுத்து மரபே இல்லாத மொழிகளின் சொற்கள் தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும். அப்படிப்பட்ட ஒரு பக்கத்தை அச்சுக்கோக்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

இப்போதைய நிலைமைக்கு வருகிறேன். பணம் இல்லை என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடி. ஆய்வு நூல் விற்பது சில நூறு பிரதிகள். வாங்குவதில் பெரும்பாலும் நூலகங்கள். 2016-ல் இத்தாக்கா என்ற அமெரிக்க அமைப்பு இருபது பல்கலைக்கழகப் பதிப்பகங்களில் கணக்கெடுத்தது. அச்சுக் கூலியைச் சேர்க்காமலே ஒரு ஆய்வு நூலைத் தயாரித்து வெளியிட 15,000 டாலரில் தொடங்கி, 1,29,000 டாலருக்கு மேல்வரை ஆகிறது என்று வந்தது. செலவில் பெரும்பகுதி மனிதர்களின் நேரம். அந்தச் செலவைச் சில நூறு பிரதிகளில் எடுக்க வேண்டுமென்றால் விலை நூறு டாலரைத் தாண்டத்தான் செய்யும். விலை ஏறினால் நூலகமும் வாங்காது. வாங்காவிட்டால் விலை இன்னும் ஏறும்.

அதனால் வெட்டு விழுகிறது. எங்கே விழும்? கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான். இரண்டு முறை பார்த்த புரூஃபை ஒருமுறை பார்த்தால் போதும் என்கிறார்கள். இண்டெக்ஸுக்கு ஆகும் செலவைப் பல இடங்களில் ஆசிரியரே ஏற்க வேண்டியிருக்கிறது. நிரந்தர வேலை கிடைக்காத இளம் ஆய்வாளருக்கு அது பெரிய தொகை. காப்பி எடிட்டிங்கை முதலில் மென்பொருள் செய்யட்டும், மனிதர் பிறகு மேலோட்டமாகப் பார்த்தால் போதும் என்ற பேச்சும் வந்துவிட்டது. கமா, ஹைபன், மேற்கோள் குறி ஆகியவற்றை மென்பொருள் நன்றாகவே பார்க்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கானிமேரும் கூனிமேடும் ஒன்று என்று அது கேட்காது. அந்தக் கேள்வி மரக்காணம் பஸ்ஸில் வருகிறவனிடமிருந்துதான் வந்தது. அவனுக்கு அந்தப் பக்கத்தில் நின்று யோசிக்க அரை மணி நேரம் இருந்ததால் வந்தது. மணிக்கு இத்தனை பக்கம் என்று கணக்கு இறுகும்போது முதலில் போவது அந்த அரை மணி நேரம்.

நல்ல மாற்றங்களும் நடக்கின்றன. கலிபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் 2015-ல் லூமினோஸ் என்று ஒரு திட்டம் தொடங்கியது. அதில் வரும் ஆய்வு நூல்களை யாரும் இலவசமாகத் தரவிறக்கலாம். எம்ஐடி பதிப்பகம் 2021-ல் இன்னொரு வழி கண்டது. போதுமான நூலகங்கள் முன்கூட்டியே ஆண்டுத் தொகை கட்டினால், அடுத்து வரவிருக்கும் ஆய்வு நூல்களை உலகுக்கே திறந்துவிடுகிறது. நூல் வரும் முன்பே, பட்டியலை நம்பி நூலகங்கள் பணம் கட்டுகின்றன. எடிட்டிங் செலவும் அதில் அடங்கிவிடுகிறது. விற்குமா விற்காதா என்ற பயத்தில் புரூஃபைக் குறைக்க வேண்டியதில்லை. இந்த வழிதான் நிற்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. திருநெல்வேலியில் ஒரு கல்லூரி மாணவி நூறு டாலர் கொடுத்து நூல் வாங்க முடியாது. இப்படி வந்தால் அவளும் அதே நாளில் வாசிக்கலாம்.

நம் பல்கலைக்கழகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்றை 1935-லும் 1937-லும் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது சென்னைப் பல்கலைக்கழகம். அதுபோன்ற நூல்களை வெளியிட்ட மண் இது. இன்றும் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பதிப்புத்துறைகள் இருக்கின்றன, நல்ல நூல்களும் வருகின்றன. ஆனால் அடுத்த வருஷம் என்ன வரப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்லும் வழக்கம் நம்மிடம் வேர் பிடிக்கவில்லை. நூல் விழாவில்தான் நூல் வந்திருப்பதே தெரிகிறது. முன்கூட்டி அறிவிப்பதை விளம்பரம் என்று மட்டும் பார்க்கக் கூடாது. அறிவித்துவிட்டால் அந்தப் பொருளில் வேலை செய்யும் மற்ற ஆய்வாளர்களுக்குத் தெரியும். ஒரு கல்வெட்டு பற்றி யாரிடமாவது புதிய படம் இருந்தால் எழுதிக் கேட்பார்கள், கொடுப்பார்கள். இரண்டு பேர் ஒரே ஏட்டைத் தனித்தனியே பதிப்பித்துக்கொண்டிருந்தால் நிறுத்திப் பேசிக்கொள்ளலாம். வெளியார் இருவர் படித்தார்கள், குழு ஏற்றது என்று சொல்லவும் ஒரு இடம் கிடைக்கும். வருஷத்துக்குப் பத்து நூல் போதும். அதற்கு ஒரு நான்கு பக்கப் பட்டியல், ஆறு மாதம் முன்னால். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கு ஆர்வமுள்ள துறையில் நூல் வெளியிடும் மூன்று பல்கலைக்கழகப் பதிப்பகங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் அடுத்த பருவத்துப் பட்டியலைத் தரவிறக்குங்கள். காசில்லாமலே கிடைக்கும். தென்னாசியா, மானுடவியல், கடல் வரலாறு, மொழியியல் என்று பகுதி பிரித்திருப்பார்கள். நம் ஊர் பற்றி எங்கோ யாரோ பத்து வருஷம் உழைத்த நூல் ஒன்றாவது அநேகமாக இருக்கும். விலையைப் பார்த்து மூடிவிடாதீர்கள். தலைப்பு, ஆசிரியர், ஐஎஸ்பிஎன், வரும் மாதம் நான்கையும் எழுதி உங்கள் கல்லூரி நூலகத்திலோ, கன்னிமாரா, அண்ணா நூற்றாண்டு நூலகம் போன்ற பொது நூலகத்திலோ கொடுங்கள். நூல் வந்த பிறகு கேட்பதைவிட வருவதற்கு முன்பே கேட்பது நல்லது. அடுத்த ஆண்டுக்கு என்ன வாங்குவது என்று நூலகங்கள் முடிவு செய்யும்போது உங்கள் தாள் அந்தக் கோப்பில் இருக்கும். பதிப்பகமும் முன்பதிவுகளைப் பார்த்துத்தான் எத்தனை பிரதி அடிப்பது என்று தீர்மானிக்கிறது. மலிவான தாள் அட்டைப் பதிப்பு வருமா என்று பதிப்பகத்துக்கே ஒரு மடல் எழுதிக் கேட்கலாம், பதில் சொல்வார்கள்.

பட்டியலில் சொன்ன மாதத்தில் நூல் வராமல் தேதி மாறியிருந்தால், ஆர்டரை ரத்து செய்யாதீர்கள். அநேகமாக யாரோ ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார், ஆசிரியர் அதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்.